வயற்செடியையும் ஏட்டில் ஏற்றிய ராட்லர் ஐயர்

தமிழ் அகராதிகளின் வரலாறு கற்றோர் ஜோகன் பீட்டர் ராட்லர் ஐயரின் பெயரை அறிவர். தாவர நூல் கற்றோரும் அப்பெயரை வேறொரு காரணத்தால் அறிவர். கம்பம் பள்ளத்தாக்கு அவருடைய பணிக்களம் அன்று. ஆயினும் நம் கண்மாய்க் கரம்பையில் முளைக்கும் ஒரு செடியும், நம் மேற்கு மலைச்சரிவில் வளரும் ஒரு மரமும் அவர் பெயரோடு தொடர்புடையவை. களையெடுத்தும் கதிரறுத்தும் பிழைத்த குடும்பங்களிலிருந்து பள்ளிக்கு வந்தவர்களின் இவ்வெள்ளி விழா மலரில் அவர் வரலாற்றை எழுத நாம் முற்பட்டதன் காரணமும் அதுவே.

ராட்லர் 1749ஆம் ஆண்டு ஸ்திராஸ்பூர்க் நகரில் பிறந்தார். அங்கேயே கல்வி பயின்று, 1775இல் கோப்பன்ஹேகனில் குருப்பட்டம் பெற்று, 1776இல் தரங்கம்பாடி வந்திறங்கினார். சீகன்பால்கு ஐயர் 1706இல் தொடங்கிய திருச்சபைப் பணி அது. அங்கு மிஷன் மருத்துவராக வந்திருந்த கேனிக் என்பார், சுவீடன் நாட்டு லின்னேயஸிடம் நேரே பாடங்கேட்டவர். அவரைச் சூழ்ந்து ஒரு நண்பர் குழாம் அமைந்தது. செடிகளைத் தேடுவதும், தாளிடையே அழுத்தி உலர்த்துவதும், ஒருவர்க்கொருவர் அனுப்பிப் பெயரிடுவதும் அவர்கள் வழக்கம். ராட்லரும் அக்குழாத்தில் சேர்ந்தார்.

ஊழியக்காரர்க்குச் செடியாராய்ச்சி எதற்கு என்று சிலர் கேட்கலாம். படைப்பைக் கற்பது படைத்தவரை அறியும் வழி என்பது அவர் வந்த மரபின் கொள்கை. விதை தன் தன் இனத்தின்படியே முளைக்கும் என்பது ஆதியாகமச் செய்தி. காட்டுப் பூக்களைக் கவனியுங்கள் என்று இயேசுநாதரும் கற்பித்தார். ராட்லர் அதனைச் சொல்லுக்குச் சொல் மேற்கொண்டார் எனலாம். 1799ஆம் ஆண்டின் பிற்பகுதியில் தரங்கம்பாடியிலிருந்து சென்னைக்குச் சென்று மீண்டபோது, வழியிற் கண்ட செடிகளைக் குறித்துக்கொண்டே போனார். அக்குறிப்புகளை வில்தேனோ என்னும் தாவர அறிஞர் 1803இல் பெர்லினில் வெளியிட்டார்.

லின்னேயஸின் முறையில் பூவே முதன்மை. மகரந்தத் தாள்கள் எத்தனை, சூல்தண்டுகள் எத்தனை என்று எண்ணியே செடியை வகுப்பில் சேர்ப்பர். பூ மலராத செடி அப்புலவர்க்குப் பெரும்பாலும் ஊமை. நம் பெண்டிர் கற்ற தாவர நூலோ வேறு. கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் நெல்வயலில் இறங்குபவர் பூவரும் வரை காத்திருந்தால் களை விதையைச் சிந்திவிடும். நெற்பயிரையும் குதிரைவாலிப் புல்லையும் நாற்றுப் பருவத்திலேயே பிரித்தறிய வேண்டும். இலையின் உறையும் பரப்பும் கூடுமிடத்தில் நெல்லுக்கு மெல்லிய நாக்குப் போன்ற உறுப்பொன்று உண்டு. குதிரைவாலிக்கு அஃது இல்லை. எழுத்தறியாக் கைகள் சேற்றில் குனிந்தபடியே கண்ட வேறுபாடு இது. ராட்லர் போன்றோர்க்குச் செடிகளின் தமிழ்ப் பெயர்களைச் சொல்லியோரும் இத்தகைய கைகளை உடையோராகவே இருந்திருப்பர் என்பது நம் துணிபு. ஏட்டில் பெயர் ஏறியது, சொன்னவர் ஏறவில்லை.

1807இல் ராட்லரின் பெயர் பெற்ற செடி ஆமணக்கின் குடும்பத்தைச் சேர்ந்தது. இன்று அதனைக் குரோசோபோரா ராட்லரி என்பர். கண்மாய் நீர் வற்றியபின், பிற பச்சையெல்லாம் கருகும் கோடையில் இது தழைக்கும். ஆணிவேர் ஆழச் சென்று அடிமண்ணின் ஈரத்தை உறிஞ்சும். இலை முழுதும் விண்மீன் வடிவான நுண்மயிர் போர்த்திருப்பதால் சாம்பல் நிறமாய்த் தோன்றும். அப்போர்வை வெயிலின் கடுமையைத் தணித்து நீர் ஆவியாவதைக் குறைக்கும். ஒரே கொத்தில் ஆண் பூ மேலும் பெண் பூ கீழுமாக இருக்கும். யாரும் நீரூற்றாத, யாரும் மதியாத செடி. அதனையும் ஒருவர் குனிந்து எடுத்துத் தாளில் ஒட்டினார் என்பதை நாம் பெரிதாக மதிக்கின்றோம்.

மற்றையது கபிலப்பொடி மரம். ராக்ஸ்பரோ என்னும் அறிஞர் தம் நண்பரின் நினைவாக இதற்கு ராட்லரா என்று பெயரிட்டார். இதில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. பெண் மரத்தின் காய்மேல் படியும் செந்துகள் பட்டுக்குச் சாயமாகவும் குடற்புழுவுக்கு மருந்தாகவும் பயன்பட்டது. முந்திய பெயரே செல்லும் என்னும் விதிப்படி ராட்லரின் பெயர் பின்னர் நீங்கிற்று.

குறையையும் மறைக்காமல் கூறுவோம். மரத்துக்கும் களைக்கும் ஒரே அளவு தாள் கொடுத்தவர் பணிபுரிந்த ஆலயத்தில் மனிதர் சாதிவாரியாகப் பிரிந்தே அமர்ந்தனர். ராட்லர் வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பு மறைந்த உபதேசியார் இராஜநாயக்கன் ஒடுக்கப்பட்ட குலத்திற் பிறந்தவர். பல்லாண்டு ஊழியம் செய்தும் அவருக்குக் குருப்பட்டம் கிட்டவில்லை. உயர்சாதிக் கிறிஸ்தவர் அவர் கையால் நற்கருணை பெறமாட்டார் என்பதே காரணம். பழைய மிஷனரிமார் பலர் இதனைப் பொறுத்துப் போயினர். கல்கத்தா அத்தியட்சர் டேனியல் வில்சன் 1833இல் திருச்சபையில் சாதி வேற்றுமை ஒழிய வேண்டும் என்று கட்டளையிட்டபோது, ராட்லர் இருந்த வேப்பேரியிலேயே பலர் சபையைவிட்டு விலகினர். அப்போது அவருக்கு வயது 84.

அவர் வேப்பேரிக்கு வந்தது, கெரிக்கே ஐயர் 1803இல் மறைந்ததை ஒட்டி. அங்கே ஆங்கிலத் திருச்சபையின் பொதுவழிபாட்டு நூலைத் தமிழாக்கினார். முதுமையில் தமிழ் - ஆங்கில அகராதியைத் தொகுத்தார். முதற்பகுதி 1834இல் வேப்பேரி மிஷன் அச்சகத்தில் வெளிவந்தது. 1836 ஜனவரியில் அவர் காலமானார். எஞ்சிய பகுதிகளை வில்லியம் டெய்லரும் வேங்கடாசல முதலியாரும் செப்பனிட்டு 1841இல் நிறைவாக்கினர்.

அவர் உலர்த்தி வைத்த செடிகள் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் பல்லாண்டு கிடந்து, பின்னர் கியூ தாவரப் பூங்காவைச் சேர்ந்தன. அச்செடிகளின் பெயர்களைத் தமிழில் சொல்லியோரின் பேரப்பிள்ளைகள் இன்று தேனி மாவட்டத்துக் கல்லூரிகளில் தாவரவியல் பயில்கின்றனர்.