ஊரே பார்க்கத் திரை விரித்த லூயி லூமியர்

இந்தக் காலத்துப் பொருட்காட்சிகளில் சுவர் போலப் பெரிய திரைகளைக் காணலாம். ஒளி விடும் பலகைகளை வரிசையாக அடுக்கி, பட்டப்பகலிலும் பளிச்சென்று படம் காட்டுகிறார்கள். போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று பார்க்கிறார்கள்.

இதற்கெல்லாம் முன்னோடி ஒருவர் உண்டு. 1900-ம் ஆண்டில் பாரிஸ் உலகக் கண்காட்சியில் அவர் ஒரு திரை கட்டினார். அதன் அகலம் சுமார் 70 அடி. உயரம் சுமார் 52 அடி. ஒரே வேளையில் 25 ஆயிரம் பேர் பார்க்கக்கூடிய திரை அது!

அவர் பெயர் லூயி லூமியர். பிரான்சு நாட்டைச் சேர்ந்தவர். உலகத்துக்குச் சினிமாவைத் தந்த லூமியர் சகோதரர்களில் இளையவர்.

தலைவலிக்காரப் பையன்

லூயி 1864-ம் ஆண்டு அக்டோபர் 5-ந் தேதி பெசன்சோன் என்ற ஊரில் பிறந்தார். அண்ணன் அகஸ்டு அவரை விட 2 வயது மூத்தவர்.

தந்தை அந்துவான் லூமியர், முதலில் விளம்பரப் பலகைகளுக்கு வர்ணம் தீட்டிப் பிழைத்தவர். பிறகு போட்டோ பிடிக்கும் தொழிலுக்கு வந்தார். 1870-ம் ஆண்டில் குடும்பத்தோடு லியோன் நகரில் குடியேறினார்.

அண்ணனும் தம்பியும் தொழிற்பள்ளியில் படித்தார்கள். லூயி கெட்டிக்காரர். ஆனால் அடிக்கடி தாங்க முடியாத தலைவலி வரும். அதனால் பெரிய படிப்புப் படிக்க முடியவில்லை. தந்தையின் போட்டோக் கூடத்திலேயே ஆராய்ச்சி செய்யத் தொடங்கினார்.

அந்தக் காலத்தில் கண்ணாடித் தகட்டில்தான் போட்டோ பிடிப்பார்கள். அந்தத் தகட்டில் மருந்து பூச வேண்டும். லூயி 17 வயதில் ஒரு புதிய மருந்துக் கலவையைக் கண்டுபிடித்தார். அதைப் பூசிய தகட்டில் படம் விரைவாகவும் தெளிவாகவும் விழுந்தது.

தகடு செய்ய ஒரு தொழிற்சாலை தொடங்கினார்கள். தொடக்கத்தில் தொழில் தள்ளாடியது. மகன்கள் இருவரும் இரவு பகலாகப் பாடுபட்டு அதைத் தூக்கி நிறுத்தினார்கள். 1894-ம் ஆண்டு வாக்கில் ஆண்டுக்கு சுமார் 1½ கோடி தகடுகள் விற்பனை ஆயின.

சகோதரர்கள் இருவரும் ஒரே குடும்பத்தில் பிறந்த சகோதரிகளை மணந்துகொண்டார்கள். எதைக் கண்டுபிடித்தாலும் இருவர் பெயரிலேயே பதிவு செய்துகொள்வார்கள். அவ்வளவு ஒற்றுமை!

எடிசன் பெட்டி

1894-ம் ஆண்டில் தந்தை அந்துவான் பாரிசுக்குப் போனார். அங்கே ஓர் அதிசயப் பெட்டியைக் கண்டார். அமெரிக்காவில் எடிசன் கம்பெனி செய்த பெட்டி அது. மேலே உள்ள துவாரத்தில் கண்ணை வைத்துப் பார்த்தால், உள்ளே மனிதர்கள் ஆடுவதும் ஓடுவதும் தெரியும்.

ஆனால் ஒரு குறை. ஒரு நேரத்தில் ஒருவர்தான் பார்க்கலாம். மற்றவர்கள் பின்னால் காத்து நிற்க வேண்டும்.

எடிசன் கம்பெனிக்கு அது குறையாகத் தெரியவில்லை. ஒருவர் ஒருவராகப் பார்த்தால்தான் நிறையப் பெட்டிகள் விற்கும். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் காட்டிவிட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்பது அவர்கள் போட்ட கணக்கு.

அந்துவான் வேறு கணக்குப் போட்டார். பெட்டிக்குள் இருக்கும் படத்தை வெளியே எடுத்துத் திரையில் போட்டால் என்ன? ஊரே பார்க்கலாமே! ஊருக்குத் திரும்பியதும் மகன்களிடம் இந்த வேலையை ஒப்படைத்தார்.

தையல் எந்திரம் சொன்ன வழி

வேலை எளிதாக இல்லை.

சினிமா பிலிமில் இருப்பவை ஓடும் படங்கள் அல்ல. அசையாத சின்னச் சின்னப் படங்கள். ஒவ்வொரு படமும் ஒளிக்கு முன்னால் ஒரு கணம் நிற்க வேண்டும். பிறகு சட்டென்று நகர்ந்து, அடுத்த படம் வந்து நிற்க வேண்டும். நகரும் நேரத்தில் ஒளியை மறைத்துவிட வேண்டும். அப்போதுதான் திரையில் உருவம் கலங்காமல் தெரியும்.

நிற்க வேண்டும், உடனே நகர வேண்டும், மறுபடியும் நிற்க வேண்டும். ஒரு வினாடிக்குள் 16 தடவை இப்படி நடக்க வேண்டும். பிலிமும் அறுந்துபோகக் கூடாது. இதற்கு என்ன வழி?

லூயிக்கு உடல் நலம் இல்லாத ஓர் இரவு. தூக்கம் வரவில்லை. படுக்கையில் கிடந்தபடி யோசித்தார். தையல் எந்திரம் நினைவுக்கு வந்தது.

தையல் எந்திரத்தில் ஊசி இறங்கும்போது துணி நிற்கிறது. ஊசி மேலே போனதும் துணி சிறிது நகர்கிறது. மறுபடியும் நிற்கிறது. இதே முறையைப் பிலிமுக்கும் வைத்தால் என்ன?

வழி பிறந்துவிட்டது! பிலிமின் ஓரத்தில் துளைகள் போட்டார். ஒரு சிறிய கொக்கி அந்தத் துளையில் நுழைந்து பிலிமைக் கீழே இழுக்கும். பிறகு வெளியே வந்து மேலே போகும். அந்த நேரத்தில் பிலிம் அசையாமல் நிற்கும்.

1895-ம் ஆண்டு பிப்ரவரி 13-ந் தேதி இந்தக் கருவிக்குச் சகோதரர்கள் காப்புரிமை பெற்றார்கள். சினிமாட்டோகிராப் என்று பெயர் வைத்தார்கள். சினிமா என்ற சொல் அதிலிருந்துதான் வந்தது.

மரத்தால் ஆன சின்னப் பெட்டி அது. எடை சுமார் 5 கிலோதான். கைப்பிடியைச் சுற்றினால் வேலை செய்யும். படம் பிடிப்பது, பிரதி எடுப்பது, திரையில் காட்டுவது ஆகிய மூன்று வேலைகளுக்கும் அந்த ஒரே பெட்டி போதும்.

முதல் படத்தைத் தங்கள் தொழிற்சாலை வாசலிலேயே எடுத்தார் லூயி. வேலை முடிந்து ஆண்களும் பெண்களும் வெளியே வருகிறார்கள். அவ்வளவுதான் படம். ஒரு நிமிஷத்துக்கும் குறைவு.

அதே ஆண்டு ஜூன் மாதம் லியோனில் போட்டோத் துறையினர் மாநாடு நடந்தது. பிரதிநிதிகள் படகிலிருந்து இறங்கினார்கள். லூயி கரையில் நின்று அவர்களைப் படம் பிடித்தார். மாநாடு முடிவதற்குள்ளேயே அதைத் திரையில் காட்டினார். தங்களையே திரையில் பார்த்துப் பிரதிநிதிகள் திகைத்தார்கள்.

33 டிக்கெட்

1895-ம் ஆண்டு டிசம்பர் 28-ந் தேதி பாரிசில் பொதுமக்களுக்குக் காசு வாங்கிப் படம் காட்டினார்கள். ஒரு காபிக் கடையின் கீழ்த்தளத்தில் ஓர் அறை கிடைத்தது. அதற்கு இந்திய மண்டபம் என்று பெயர்!

வசூலில் 100-க்கு 20 பங்கு தருவதாகக் கடைக்காரரிடம் அந்துவான் சொன்னார். கடைக்காரருக்கு நம்பிக்கை இல்லை. பங்கு வேண்டாம், நாளுக்கு 30 பிராங்கு வாடகை போதும் என்று முடிவு செய்துவிட்டார்.

டிக்கெட் ஒரு பிராங்கு. முதல் நாள் வந்தவர்கள் 33 பேர்தான். கடைக்காரர் தம் புத்திசாலித்தனத்தை மெச்சிக்கொண்டிருப்பார்!

ஆனால் பார்த்தவர்கள் ஊர் முழுவதும் சொன்னார்கள். சில வாரங்களில் நாள்தோறும் 2 ஆயிரம் பேருக்கு மேல் வந்தார்கள். தெருவில் கூட்டத்தை ஒழுங்குபடுத்தப் போலீசார் வர வேண்டியதாயிற்று. கடைக்காரருக்கு வழக்கம்போல 30 பிராங்குதான்.

திரையில் ரெயில் வருவதைக் கண்டு மக்கள் அலறி ஓடினார்கள் என்று ஒரு கதை வழங்குகிறது. அதற்குத் தக்க ஆதாரம் இல்லை. மக்கள் வியந்தார்கள் என்பது உண்மை.

அதே 1895-ல் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் வேறு சிலரும் திரையில் படம் காட்டினார்கள். ஆனால் லூமியர் கருவி எளியது; எங்கும் தூக்கிச் செல்லக்கூடியது. அதனால் அதுவே உலகம் சுற்றியது. 1896-ம் ஆண்டு ஜூலை 7-ந் தேதி பம்பாயில் வாட்சன் ஓட்டலில் படம் காட்டப்பட்டது. டிக்கெட் ஒரு ரூபாய்.

நனைந்த திரை

1900-ம் ஆண்டில் பாரிசில் உலகக் கண்காட்சி நடந்தது. பல நாடுகளும் தங்கள் தங்கள் எந்திரங்களையும் பொருட்களையும் கொண்டுவந்து வைத்தன. சுமார் 5 கோடி பேர் வந்தார்கள்.

அங்கே மிகப் பெரிய திரையில் படம் காட்ட லூயி திட்டமிட்டார். ஈபில் கோபுரத்தின் பக்கம் திறந்த வெளியில் திரை கட்டுவது முதல் யோசனை. காற்று வீசினால் அவ்வளவு பெரிய துணி என்ன ஆகும்? கிழிந்துபோகும். அந்த யோசனையைக் கைவிட்டார்கள்.

எந்திர மண்டபம் என்ற பெரிய கட்டடம் இருந்தது. அதன் நடுவில் திரை கட்டுவது என்று முடிவாயிற்று. அங்கே காற்றுத் தொல்லை இல்லை. ஆனால் வேறு தொல்லை வந்தது. நடுவில் திரை கட்டினால், ஒரு பக்கம் இருப்பவர்களுக்குத்தான் படம் தெரியும். மறு பக்கம் இருக்கும் ஆயிரக்கணக்கானவர்கள் என்ன செய்வார்கள்?

ஒளியிலும் சிக்கல் இருந்தது. பிலிமில் உள்ள படம் தபால்தலை அளவு. அதை அகலத்தில் சுமார் 800 மடங்கு பெரிதாக்க வேண்டும். திரையின் அகலத்தையும் உயரத்தையும் இரட்டித்தால் பரப்பு 4 மடங்கு ஆகிறது. அதே விளக்கொளி 4 மடங்கு இடத்தில் பரவ வேண்டும். படம் மங்கிவிடும். ஆகவே மிகவும் பலமான விளக்கு வேண்டும்.

பலமான விளக்கு என்றால் சூடும் அதிகம். அந்தக் காலத்துப் பிலிம் எளிதில் தீப்பிடிக்கும். 1897-ம் ஆண்டில் பாரிசில் ஒரு தருமச் சந்தையில் சினிமா காட்டியபோது தீப்பிடித்து 120-க்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். ஈதர் என்ற எரிபொருளால் எரியும் விளக்கிலிருந்து தீ பரவியது. அது லூமியர் கருவி அல்ல. ஆனாலும் சினிமா என்றாலே மக்கள் அஞ்சிய நேரம் அது.

இந்த இரண்டு கஷ்டங்களுக்கும் லூயி கையாண்ட மருந்து ஒன்றே. அதுதான் தண்ணீர்!

விளக்குக்கும் பிலிமுக்கும் நடுவில், தண்ணீர் நிரப்பிய உருண்டைக் கண்ணாடிக் குடுவையை வைக்கும் முறை லூமியர் கருவியில் இருந்தது. அது லென்ஸ் போல ஒளியைக் குவிக்கும். சூட்டையும் உறிஞ்சிக்கொள்ளும். குடுவை உடைந்து தண்ணீர் கொட்டிவிட்டால் ஒளி குவியாது. பிலிம் தப்பிக்கும்.

திரைக்கும் தண்ணீர் உதவியது. காய்ந்த வெள்ளைத் துணியில் விழும் ஒளியில் பெரும் பகுதி வந்த பக்கமே திரும்பிவிடும். துணி நனைந்தால், நூலுக்கு நடுவே உள்ள சந்துகளில் நீர் புகுந்துவிடும். அப்போது ஒளியில் ஒரு பகுதி துணியை ஊடுருவி மறு பக்கம் போகும். ஆகவே இரண்டு பக்கம் இருப்பவர்களும் ஒரே படத்தைப் பார்க்கலாம். மறு பக்கத்தாருக்கு இடம் வலமாகத் தெரியும். அவ்வளவுதான் வேறுபாடு.

திரையை வைக்கத் தரைக்குக் கீழே ஒரு தண்ணீர்த் தொட்டி கட்டினார்கள். பகல் முழுவதும் திரை அதில் ஊறிக்கொண்டிருக்கும். மாலையில் அதைச் சுருளை எந்திரத்தால் மேலே தூக்குவார்கள். ஆட்டம் தொடங்கும்.

கண்காட்சி நடந்த மாதங்களில் சுமார் 14 லட்சம் பேர் அந்தத் திரையில் படம் பார்த்தார்கள். 5 ஆண்டுகளுக்கு முன் 33 பேர் பார்த்த அதே சினிமாதான்!

உருளைக்கிழங்கில் வர்ணம்

பெரிய திரையோடு லூயி நிற்கவில்லை. பார்ப்பவரைச் சுற்றிலும் வட்டமாகத் திரை கட்டி, நாலா பக்கமும் போட்டோக் காட்சி தெரியும்படி செய்தார். 1902-ம் ஆண்டில் பாரிசில் இது காட்டப்பட்டது. ஆனால் வெகு நாள் நடக்கவில்லை.

1905-ம் ஆண்டு வாக்கில் சகோதரர்கள் சினிமாப் படம் எடுப்பதையே விட்டுவிட்டார்கள். கதைப் படம் எடுப்பதில் மற்றவர்கள் முந்திவிட்டார்கள். அண்ணன் மருத்துவ ஆராய்ச்சிக்குப் போனார். லூயி வர்ணப் போட்டோவில் இறங்கினார்.

உருளைக்கிழங்கு மாவின் நுண்ணிய துகள்களுக்கு மூன்று சாயம் ஏற்றிக் கண்ணாடித் தகட்டில் பரப்பினார். அதன் வழியாக இயற்கை நிறத்தோடு படம் விழுந்தது. 1907-ம் ஆண்டில் இது விற்பனைக்கு வந்தது. உலகம் முழுவதும் புகழ் பெற்றது.

1919-ம் ஆண்டில் பிரெஞ்சு விஞ்ஞானக் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. 70 வயதிலும் அவர் ஓயவில்லை. 1935-ம் ஆண்டில், இரு நிறக் கண்ணாடி அணிந்து பார்க்கும் முப்பரிமாணப் படத்தைச் செய்து காட்டினார்.

முடிவு

கடைசிக் காலத்தில் ஒரு களங்கமும் சேர்ந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி பிரான்சைப் பிடித்தது. அப்போது ஜெர்மனியோடு ஒத்துழைத்த விஷி அரசாங்கத்தை லூயி ஆதரித்தார். அதன் ஆலோசனைச் சபையிலும் இடம் பெற்றார். இதைப் பலர் பிற்காலத்தில் கண்டித்தார்கள்.

1948-ம் ஆண்டு ஜூன் 6-ந் தேதி, பாந்தோல் என்ற கடற்கரை ஊரில் லூயி லூமியர் காலமானார். அப்போது அவருக்கு வயது 83. அண்ணன் அகஸ்டு 1954-ம் ஆண்டில் மறைந்தார்.

முதல் படம் எடுத்த தொழிற்சாலைக் கொட்டகையின் ஒரு பகுதி லியோன் நகரில் காப்பாற்றப்பட்டிருக்கிறது. அந்தத் தெருவுக்கு முதல் படத் தெரு என்று பெயர்.

லூமியர் பயன்படுத்திய பிலிமும் கைப்பிடியும் பழங்கதை ஆகிவிட்டன. ஈரத் துணிக்கும் வேலை இல்லை. ஆனால் ஏழை, பணக்காரர், படித்தவர், படிக்காதவர் எல்லோரும் ஒன்றாகக் கூடி ஒரே காட்சியைப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் மட்டும் மாறவில்லை. ஒரு துவாரத்துக்குள் அடைபட்டிருந்த படத்தை ஊருக்குப் பொதுவாக்கியதுதான் லூயி லூமியர் செய்த பெரிய காரியம்.