எவரெஸ்டில் ஏறியவர் நெய்யூரில் தங்கினார்!
சுற்றிப் பார்க்க வந்த டாக்டர் சாமர்வெல்லின் கதை

மண்டைக்காடு பகவதி அம்மன் கோவிலை அறியாதவர்கள் குமரி மாவட்டத்தில் இல்லை. மாசி மாதக் கொடைவிழாவுக்கு லட்சக்கணக்கான மக்கள் கூடுகிறார்கள். பெண்கள் இருமுடி கட்டி வருகிறார்கள்.

மண்டைக்காட்டில் இருந்து சில மைல் தூரத்தில், திங்கள்நகரை அடுத்து இருக்கிறது நெய்யூர். ஊர் சிறியது. அங்குள்ள ஆஸ்பத்திரியோ பெரியது. 1838-ம் ஆண்டில் டாக்டர் ராம்சே என்ற வெள்ளைக்காரர் அங்கே வைத்தியம் செய்யத் தொடங்கினார். லண்டன் மிஷன் சங்கம் அவரை அனுப்பி இருந்தது.

1922-ம் ஆண்டில் இன்னொரு வெள்ளைக்காரர் நெய்யூருக்கு வந்தார். அவர் வேலை தேடி வரவில்லை. இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்தவர். வந்த இடத்தில் அவர் மனம் மாறியது.

அவர்தான் டாக்டர் சாமர்வெல்!

செருப்புக் கம்பெனி வீட்டுப் பிள்ளை

சாமர்வெல், இங்கிலாந்து நாட்டில் கெண்டல் என்ற ஊரில் 1890-ம் ஆண்டு ஏப்ரல் 16-ந் தேதி பிறந்தார். அவருடைய குடும்பம் பூட்சு, செருப்பு தயாரிக்கும் கம்பெனி நடத்திய வசதியான குடும்பம்.

சாமர்வெல்லுக்கு வியாபாரத்தில் நாட்டம் இல்லை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் படித்து, முதல் வகுப்பில் தேறினார். பிறகு லண்டனில் வைத்தியம் படித்து, ஆபரேஷன் செய்யும் டாக்டர் ஆனார். படம் வரைவார். சங்கீதம் தெரியும். மலை ஏறுவதில் தீராத ஆசை.

முதல் உலகப்போர் மூண்டது. சாமர்வெல் ராணுவ டாக்டராகப் பிரான்சு நாட்டுக்குப் போனார். 1916-ல் சோம் நதி ஓரம் பயங்கரமான சண்டை நடந்தது. ஆயிரக்கணக்கான வீரர்கள் காயம்பட்டு, ஆஸ்பத்திரிக் கூடாரங்களுக்கு வெளியே வரிசை வரிசையாகத் தரையில் கிடந்தார்கள். டாக்டர்களோ சிலர்தான். யாரை முதலில் காப்பாற்றுவது, யாரை விட்டுவிடுவது என்று அவர்கள் முடிவு செய்ய வேண்டி இருந்தது.

தன்னை முதலில் கவனிக்கும்படி அந்த வீரர்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. அந்தக் காட்சி சாமர்வெல்லின் நெஞ்சில் ஆழமாகப் பதிந்தது. அன்று முதல் அவர் யுத்தத்தை வெறுத்தார்.

பனிச்சரிவு

1922-ம் ஆண்டில் எவரெஸ்ட் மலை மீது ஏற இங்கிலாந்தில் இருந்து ஒரு குழு புறப்பட்டது. சாமர்வெல்லும் அதில் இடம் பெற்றார்.

எவரெஸ்டின் உயரம் 29 ஆயிரம் அடிக்கு மேல். மேலே போகப் போக, மூச்சு விடவே காற்று போதாது. சாமர்வெல்லும் மல்லோரி, நார்ட்டன் ஆகிய இரு தோழர்களும் பிராணவாயு சிலிண்டர் இல்லாமலே சுமார் 27 ஆயிரம் அடி வரை ஏறினார்கள். அதற்குமுன் எந்த மனிதனும் அவ்வளவு உயரம் ஏறியது இல்லை!

ஜூன் 7-ந் தேதி குழுவினர் மறுபடியும் ஏறினார்கள். அப்போது பனி சரிந்தது. சுமை தூக்கி வந்த 7 பேர் பனியில் புதைந்து மாண்டார்கள். வெள்ளைக்காரர்கள் எல்லோரும் பிழைத்துக்கொண்டார்கள். தங்களில் ஒருவராவது அந்த ஏழைகளோடு சாகவில்லையே என்று சாமர்வெல் மனம் குமுறினார்.

ஒரே ஒரு டாக்டர்

மலையில் இருந்து இறங்கியவர், ஊர் திரும்பும்முன் இந்தியாவைப் பார்க்க விரும்பினார். வடக்கே தொடங்கிய பயணம் தெற்குக் கோடி வரை வந்தது. அப்போது குமரிப் பகுதி திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. நெய்யூரில் நடக்கும் வைத்திய வேலையைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று அங்கே போனார்.

ஆஸ்பத்திரியில் நோயாளிகள் கூட்டம் கூட்டமாகக் காத்திருந்தார்கள். ஆபரேஷன் செய்ய டாக்டர் பியூ என்ற ஒருவர்தான் இருந்தார். வேலைப்பளுவால் அவர் களைத்துப்போய் இருந்தார்.

சோம் நதிக்கரையில் கண்ட அதே காட்சி! அங்கே குண்டுக் காயம். இங்கே நோய். இரண்டு இடத்திலும் கூட்டம் பெரிது, டாக்டர்கள் குறைவு.

சாமர்வெல் சும்மா நிற்கவில்லை. டாக்டர் பியூவுக்கு உதவியாக வேலையில் இறங்கினார்.

சுற்றுலா வந்தவர் சில நாள் உதவி செய்தார் என்ற அளவில் இந்தக் கதை முடிந்திருக்கலாம். முடிந்திருந்தால் இன்று யாரும் அவரை நினைக்கப்போவது இல்லை. அவர் புறப்பட்டுப் போன மறுநாளும் அதே கூட்டம் வாசலில் நின்றிருக்கும்.

லண்டனில் அவருக்குப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் உயர்ந்த பதவி காத்திருந்தது. பணமும் புகழும் தரும் பதவி அது. சாமர்வெல் அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். 1923-ல் நெய்யூருக்கே திரும்பி வந்து, மிஷன் டாக்டராக வேலையை ஏற்றார்.

லீவு போட்டு எவரெஸ்ட்!

மலை ஆசை மட்டும் அவரை விடவில்லை. 1924-ல் நெய்யூரில் இருந்து லீவு போட்டு மறுபடியும் எவரெஸ்டுக்குப் போனார்.

இந்தத் தடவை சுமை தூக்கிகள் 4 பேர் பனி மேட்டில் சிக்கிக்கொண்டார்கள். அவர்களை மீட்க, வழுக்கும் சரிவில் முன்னால் போனவர் சாமர்வெல். நால்வரும் உயிரோடு மீண்டார்கள்.

ஜூன் 4-ந் தேதி அவரும் நார்ட்டனும் உச்சியை நோக்கி ஏறினார்கள். சுமார் 28 ஆயிரம் அடியில் சாமர்வெல்லால் நடக்க முடியவில்லை. நார்ட்டன் இன்னும் சிறிது தூரம் ஏறிவிட்டுத் திரும்பினார்.

இறங்கும்போது சாமர்வெல்லுக்கு மூச்சு நின்றது! கடுங்குளிரில் வெந்துபோன தொண்டைச் சதை கழன்று, மூச்சுக்குழலை அடைத்துவிட்டது. முன்னால் போன நார்ட்டனுக்கு இது தெரியாது. படம் வரைய உட்கார்ந்திருப்பார் என்று நினைத்தார். சாமர்வெல் இரு கைகளாலும் நெஞ்சைப் பலமாக அழுத்தினார். சதை வெளியே வந்தது. உயிர் பிழைத்தார்.

நான்கு நாள் கழித்து உச்சியை நோக்கிப் போன மல்லோரியும் இர்வினும் திரும்பவே இல்லை. சாமர்வெல் நெய்யூருக்குத் திரும்பினார்.

வயிற்றுப்புண்

அந்தக் காலத்தில் தெற்குத் திருவிதாங்கூரில் வயிற்றுப்புண் நோய் அதிகம். ஏழை மக்கள் வலியால் துடித்தார்கள். மரச்சீனிக் கிழங்கும் மிளகாயும் நிறைந்த உணவுதான் காரணம் என்று கருதப்பட்டது. ஒருவகைக் கிருமியே முக்கிய காரணம் என்பது 1980-களில்தான் தெரிந்தது. இன்று மாத்திரையிலேயே குணப்படுத்துகிறார்கள். அன்று முற்றிய நோய்க்கு ஆபரேஷன்தான் வழி. சாமர்வெல் அதில் கைதேர்ந்தவர் ஆனார்.

வயிற்றைக் கீறினால் மட்டும் போதாது. புண் ஆறும் வரை பார்க்க வேண்டும். நோய் திரும்பினால் கவனிக்க வேண்டும். ஊரில் இருப்பவரால்தான் அது முடியும். சாமர்வெல் ஊரிலேயே இருந்தார்.

1925-ல் அவருக்குக் கல்யாணம் நடந்தது. மனைவி பெயர் மார்கரெட். 1938-ல் அரசாங்கம் அவருக்குக் கெய்சரே ஹிந்த் பதக்கம் கொடுத்தது.

1949-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குப் போய் ஆபரேஷன் பாடம் சொல்லிக்கொடுத்தார். தன் கையோடு வேலை நின்றுவிடாமல், இந்த நாட்டுப் பிள்ளைகளை டாக்டர்கள் ஆக்கினார். 1961-ல் ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பினார். 1975-ம் ஆண்டு ஜனவரி 23-ந் தேதி, 84-வது வயதில் காலமானார்.

கேரளத்தில் காரக்கோணம் என்ற ஊரில் உள்ள மருத்துவக் கல்லூரிக்கு அவர் பெயர் வைக்கப்பட்டு இருக்கிறது. நெய்யூர் ஆஸ்பத்திரி இன்றும் நடக்கிறது.

விடுமுறையில் வெளிநாடு போகிற இளைஞர்கள், போகிற இடத்தில் ஒரு வாரம், இரண்டு வாரம் தொண்டு செய்வது இப்போது வழக்கமாகி வருகிறது. நல்ல எண்ணம்தான். சாமர்வெல்லிடம் அந்த ஊருக்குத் தேவையான தொழில் கையில் இருந்தது. தன் கண்ணால் பார்த்ததை அவர் மறக்கவும் இல்லை. பார்த்துவிட்டுப் போனவர், திரும்பி வந்தார். ஏறக்குறைய 40 ஆண்டுகள் இந்த நாட்டில் உழைத்தார்.