பாகவதரும் பரவிய கதைகளும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

1944ஆம் ஆண்டுத் தீபாவளிக்குச் சென்னை பிராட்வே திரையரங்கில் வெளியான ‘ஹரிதாஸ்’ திரைப்படம், அதே அரங்கில் 1945 தீபாவளியையும் கண்டது. 1946 தீபாவளியையும் கண்டது. அதற்கு முன் தமிழ்த் திரையுலகம் காணாத வெற்றி அது. ஆனால் அந்த இரண்டாம் தீபாவளியன்றும் மூன்றாம் தீபாவளியன்றும் படத்தின் நாயகர் எம்.கே. தியாகராஜ பாகவதர் சிறையில் இருந்தார். மாலையில் அரங்கிற்குச் சென்றால் அவர் பட்டாடை உடுத்திப் பாடுகிறார். காலையில் நாளிதழைப் பிரித்தால் அவர் ஆயுள் கைதி. இரண்டையும் ஒரே நெஞ்சில் எப்படித் தாங்குவது? தாங்க முடியாத ரசிகர்கள் கதைகள் கட்டினார்கள். அவற்றுள் சில இன்னும் சாகவில்லை. எனவே பாகவதரின் வாழ்வைச் சொல்லப் புகுந்தால் அக்கதைகளையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

பாகவதர் 1910ஆம் ஆண்டு மாயவரத்தில் பொற்கொல்லர் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். குடும்பம் திருச்சிக்குக் குடிபெயர்ந்தது. படிப்பில் மனம் ஒன்றாத சிறுவனுக்குப் பாட்டு மட்டும் தானாக வந்தது. அக்குரலைக் கேட்ட இரயில்வே அதிகாரியும் நாடகக் கலைஞருமான எஃப்.ஜி. நடேச ஐயர், தமது ரசிக ரஞ்சனி சபாவின் அரிச்சந்திரா நாடகத்தில் லோகிதாசன் வேடம் கொடுத்தார். பிடில் வித்துவான் மதுரை பொன்னு ஐயங்கார் முறையாக இசை கற்பித்தார். மேடையில் புகழ்பெற்ற ‘பவளக்கொடி’ நாடகம் 1934இல் கே. சுப்பிரமணியம் இயக்கத்தில் திரைப்படமானபோது, பாகவதரே அதில் அர்ச்சுனன். ஐம்பது பாடல்கள் கொண்ட படம் அது! இன்று ஐந்து பாடல்கள் வந்தாலே எழுந்து தேநீர் குடிக்கப் போகிறோம்.

1937இல் ‘சிந்தாமணி’ வந்தது. அதில் கிடைத்த இலாபத்தைக் கொண்டு மதுரையில் அதே பெயரில் ஒரு திரையரங்கையே கட்டினார்கள் என்றால் வெற்றியின் அளவை நாம் ஊகிக்கலாம். அதே ஆண்டு வந்த ‘அம்பிகாபதி’யில் நம் ஊருக்கும் பங்கு உண்டு. அதைத் தயாரித்தது சேலம் சங்கர் பிலிம்ஸ். இயக்கியவர் தமிழே அறியாத அமெரிக்கர் எல்லிஸ் ஆர். டங்கன். தோள்வரை புரண்ட அவர் தலைமுடிக்குப் பாகவதர் கிராப் என்றே பெயர் நிலைத்துவிட்டது. மொத்தம் நடித்த படங்கள் 14 மட்டுமே. ஆனால் 1944இன் இறுதியில் தமிழ்நாட்டில் அவருக்கு நிகரான புகழுடைய நடிகர் வேறொருவர் இருந்தார் என்று சொல்வது கடினம்.

அந்நாளில் சென்னையில் லட்சுமிகாந்தன் என்னும் பத்திரிகையாளர் ‘சினிமா தூது’ என்ற இதழை நடத்தினார். நடிகர் நடிகையரின் அந்தரங்கமே அதன் சரக்கு. அச்சில் வராதிருக்கப் பணம் கொடுத்தவர்களும் உண்டு என்பர். பாகவதர், கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன், இயக்குநர் ஸ்ரீராமுலு நாயுடு ஆகியோர் ஆளுநரிடம் முறையிட, இதழின் உரிமம் ரத்தாயிற்று. லட்சுமிகாந்தன் ஓயவில்லை, ‘இந்து நேசன்’ என்ற இதழில் அதே வேலையைத் தொடர்ந்தார். 1944 நவம்பர் 8ஆம் நாள் வேப்பேரியில் ரிக்‌ஷாவில் சென்றுகொண்டிருந்த அவரைக் கத்தியால் குத்தினார்கள். மறுநாள் பொது மருத்துவமனையில் அவர் இறந்தார்.

டிசம்பரில் பாகவதரும் கலைவாணரும் கைதானார்கள். ஸ்ரீராமுலு நாயுடுவும் கைதானார். கொலைக்குச் சதி செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு. நீதிபதி மாக்கெட் முன்னிலையில் ஜூரிகளுடன் வழக்கு நடந்தது. 1945 மே 3ஆம் நாள் நாயுடு விடுதலையானார். மற்ற இருவருக்கும் ஆயுள் தண்டனை. உயர் நீதிமன்ற மேல்முறையீடு அவ்வாண்டு அக்டோபரில் தள்ளுபடியாயிற்று. இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, வழக்கு மீண்டும் சென்னைக்கே விசாரணைக்கு வந்தது. இம்முறை வாதாடியவர் வி.எல். எத்திராஜ், சென்னையில் பெண்கள் கல்லூரியைத் தோற்றுவித்தவரும் அவரே. சாட்சியங்கள் நம்பத்தக்கவையல்ல என்று கண்ட நீதிபதிகள் 1947 ஏப்ரலில் இருவரையும் விடுவித்தார்கள்.

நீதிமன்றம் குற்றமற்றவர் என்றது. ஆனால் அப்படியானால் கொன்றவர் யார் என்று அது சொல்லவில்லை. சொல்வது அதன் வேலையும் அன்று. அந்த ஒரு வெற்றிடத்தில்தான் ரசிகர்கள் குடியேறினார்கள்.

எங்கள் அம்மாபேட்டைத் தெருக்களில் கைத்தறிச் சத்தம் ஓயாதிருந்த காலம் ஒன்று உண்டு. என் தாத்தா தறிக்குழியில் கால் நீட்டி வாழ்நாளைக் கழித்தவர். பாவடியில் பாவு நீட்டும்போதும் அலசி உலர்த்தும்போதும் பெரியவர்கள் பேசிய பாகவதர் கதைகளை அவர் சிறுவனாகக் கேட்டிருக்கிறார். நான் அவரிடம் கேட்டேன். வெள்ளைக்காரன் கொடுத்த பட்டத்தை வேண்டாம் என்றதால் பழிவாங்கப்பட்டார் என்பது ஒரு கதை. இரயிலில் நடந்த வேறொரு கொலையின் இரகசியத்தை லட்சுமிகாந்தன் அறிந்திருந்தார், அதை மறைக்க நினைத்த பெரிய மனிதர்களே அவரைக் கொன்று பழியைப் பாகவதர்மேல் போட்டார்கள் என்பது இன்னொன்று. ‘ஹரிதாஸ்’ படத்தில் பெற்றோரை உதைத்த பாவம்தான் சிறையாக வந்தது என்பது மூன்றாவது. கடைசியில் கண் இரண்டும் குருடாகி, கோயில் மண்டபத்தில் அமர்ந்திருந்தவரைப் பிச்சைக்காரர் என்று எண்ணி எவரோ காசு போட்டுச் சென்றார் என்பதே எல்லாவற்றிலும் புகழ்பெற்றது. அதைச் சொல்லும்போது தாத்தாவின் குரல் இன்றும் தழுதழுக்கும்.

இது தமிழருக்கு மட்டும் உரிய பழக்கம் என்று எண்ணிவிட வேண்டாம். 1969இல் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடையே ஒரு செய்தி காட்டுத்தீயாய்ப் பரவியது. இங்கிலாந்தின் பீட்டில்ஸ் இசைக்குழுவைச் சேர்ந்த பால் மெக்கார்ட்னி 1966லேயே கார் விபத்தில் இறந்துவிட்டார். அவர் சாயலில் இருக்கும் வேறொருவரை வைத்து ஏமாற்றுகிறார்கள் என்பதே அச்செய்தி. ஆதாரம்? இசைத்தட்டின் அட்டைப்படத்தில் நால்வரும் தெருவைக் கடக்கிறார்கள். பால் மட்டும் வெறுங்காலுடன் நடக்கிறார். அது சவ ஊர்வலமாம்! பாடல்களைப் பின்னிருந்து முன்னாகச் சுழலவிட்டும் செய்தி தேடினார்கள். அதைப் பரப்பியதில் நம்மைப் போன்ற மாணவர்கள் நடத்திய கல்லூரி இதழ்களுக்குப் பெரும் பங்கு உண்டு. இறந்ததாகச் சொல்லப்பட்டவர் தம் குடும்பத்துடன் நிற்கும் படத்தை ‘லைஃப்’ இதழ் வெளியிட்டது. அதன் பிறகும் அரை நூற்றாண்டுக்கு மேல் அவர் பாடினார். நம்பியவர்களில் சிலர் அதையும் சதியின் ஒரு பகுதி என்றே கொண்டார்கள். மெரினாவில் எம்.ஜி.ஆர். நினைவிடத்தில் கடிகாரம் துடிக்கும் ஓசை கேட்கிறதா என்று கல்லில் காது வைத்துப் பார்ப்பவர்களையும் நாம் அறிவோம்.

அங்கும் இங்கும் ஒன்று பொதுவாக இருப்பதாக எனக்குப் படுகிறது. கலைஞனின் படைப்பையே ரசிகன் சாட்சியாக எடுத்துக்கொள்கிறான். பாகவதர் குருடரானார் என்ற கதை எங்கிருந்து வந்தது? 1941இல் வெளியான ‘அசோக்குமார்’ படத்தில் அவர் ஏற்ற குணாளன் வேடம் கண்களை இழக்கிறது. ‘ஹரிதாஸ்’ நாயகன் கால்களை இழக்கிறான். ‘அம்பிகாபதி’யின் முடிவு நாம் அறிந்ததே. திரையில் அவர் இழந்தவற்றையெல்லாம் வாழ்விலும் இழந்ததாகக் கற்பித்துவிட்டார்கள். நீரிழிவும் இரத்த அழுத்தமும் கடைசி ஆண்டுகளில் அவரை வாட்டியது உண்மை. பார்வை தளர்ந்ததும் உண்மை. ஆனால் மண்டபத்துப் பிச்சைக்காரர் குணாளனின் மறுபிறவி என்றே நான் கருதுகிறேன். தாத்தா இதை ஏற்கவில்லை.

சதியால்தான் அவர் வாழ்வு முடிந்தது என்பதையும் சற்று ஆராயலாம். ஆய்வுக்கூடத்தில் ஒரு காரணத்தைச் சோதிக்க வேண்டுமானால், அதே நிலையில் வைத்த இன்னொரு பொருளோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். இங்கே அத்தகைய ஒப்பீடு தானாகவே அமைந்திருக்கிறது. அதே வழக்கு, அதே தண்டனை, ஒரே நாளில் விடுதலை. கலைவாணரோ வெளியே வந்து ‘நல்லதம்பி’, ‘மணமகள்’ என்று மீண்டும் வெற்றி கண்டார். 1957இல் மறையும்வரை மக்கள் அவரைக் கொண்டாடினார்கள். பாகவதர் நடித்த ‘ராஜமுக்தி’ 1948இல் வந்து தோற்றது. 1952இல் ‘அமரகவி’, ‘சியாமளா’ இரண்டும் வந்தன. அதே ஆண்டு தீபாவளிக்கு ‘பராசக்தி’யும் வந்தது. பாட்டைக் கேட்கப் போன கூட்டம் வசனத்தைக் கேட்கப் போயிற்று. நடிப்பவரே பாட வேண்டும் என்ற நிலை மாறிப் பின்னணிப் பாடகர்கள் வந்துவிட்டார்கள். அவர்களுள் முதல்வராய் விளங்கிய டி.எம். சௌந்தரராஜன் பாகவதரின் பாணியில் பாடியே தொடங்கினார் என்பது காலத்தின் விளையாட்டு. சிறையில் கழிந்த இரண்டு ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலம் பாகவதருக்குப் பேரிழப்புதான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் உள்ளே இருந்தபோது திரைப்படக் கலையும் மாறத் தொடங்கிவிட்டது. அதற்குச் சதிகாரன் எவனும் தேவைப்படவில்லை.

கதைகள் செய்த பெருந்தீங்கு வேறொன்று. விடுதலைக்குப் பின் பாகவதர் சும்மா இருக்கவில்லை. கச்சேரி மேடைகளில் பாடினார். 1957இல் ‘புது வாழ்வு’ படத்தைத் தாமே இயக்கி நடித்தார். பெயரைப் பாருங்கள்! 47 வயதில், வரிசையாகத் தோல்வி கண்டபின், இயக்குநர் நாற்காலியில் முதன்முறையாக அமர ஒரு மனிதருக்கு எவ்வளவு துணிவு வேண்டும்? அந்தப் படமும் ஓடவில்லை. எனினும் அடுத்து ‘சிவகாமி’யில் நடித்தார். 1959 நவம்பர் முதல் நாள் சென்னைப் பொது மருத்துவமனையில் அவர் உயிர் பிரிந்தது. ‘சிவகாமி’ 1960இல், அவர் மறைவிற்குப் பின்பே வெளிவந்தது. திருச்சி சங்கிலியாண்டபுரத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். பாவடிக் கதைகளில் இந்தப் பன்னிரண்டு ஆண்டு உழைப்பு ஒரு வரியாகக்கூட இல்லை. சிறை வாசலிலிருந்து நேரே கோயில் மண்டபத்திற்குக் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள்.

நடிகர்களின் அந்தரங்கத்தை விற்ற இதழை எந்த ரசிகர்கள் வெறுத்தார்களோ, அவர்களே பிறகு பாகவதரின் அந்தரங்கத்தைத் தெருத் தெருவாகப் பேசினார்கள். அன்பினால்தான் பேசினார்கள்; ஆனாலும் சரக்கு அதே சரக்குதான்.

லட்சுமிகாந்தனைக் கொன்றவர் யார் என்பது இன்றுவரை வெளிப்படவில்லை. அவர் எழுதியது இழிவாக இருக்கலாம். ஆனால் நடுத்தெருவில் குத்தப்பட்டு இறந்தவர் அவர்தாம். அவருக்கு மனைவி மக்கள் உண்டா, அவர்கள் என்ன ஆனார்கள் என்று தாத்தாவிடம் கேட்டேன். பாகவதரின் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கதை வைத்திருப்பவர் அவர். சற்று நேரம் யோசித்துவிட்டு, அதைப் பற்றிப் பாவடியில் எவரும் பேசிக் கேட்டதில்லை என்றார்.