பசித்த மகனுக்கு அன்னை சொன்ன சொல்

கணவன்மார் பொருளீட்டக் கடல் கடந்து சென்றிருக்க, வெள்ளாற்றங்கரை லெப்பைக்குடிக்காட்டிலும் பெரம்பலூர், அரியலூர்ப் பகுதியின் பிற ஊர்களிலும் பிள்ளை வளர்ப்பைத் தனியே சுமக்கும் தாய்மார் பலர். பிள்ளை கேட்பது கையில் இல்லாதபோது என்ன சொல்வது? நாளை தருவதாகப் பொய் சொல்வோர் உண்டு. அதட்டி அடக்குவோரும் உண்டு. ஹஜ்ரத் நிஜாமுத்தீன் அவுலியா (ரஹ்) அவர்களின் அன்னையார் பீபி ஜுலைகா (ரஹ்) இவ்விரண்டையும் செய்யவில்லை.

வட இந்தியாவின் பதாயூனில் 1238-ஆம் ஆண்டில் நிஜாமுத்தீன் அவர்கள் பிறந்தார்கள். இளம் பருவத்திலேயே தந்தையார் வபாத்தாகிவிட, வீட்டில் வறுமை குடிகொண்டது. அடுப்பெரியாத நாட்களில், அன்று தாங்கள் அல்லாஹ்வின் விருந்தாளிகள் என்று அன்னையார் மகனிடம் கூறுவார்கள். பசியை மறைத்த சொல்லன்று இது. உணவில்லை என்ற உண்மை அதனுள்ளேயே இருந்தது. அண்டை வீட்டாரின் செழிப்பைக் காட்டிப் பெருமூச்செறியும் கசப்புத்தான் அதில் இல்லை. ஒருமுறை யாரோ கொடுத்த தானியம் பல நாள் நீடித்தது. வேளை தவறாமல் உண்டு சலித்த சிறுவர், அன்னையார் அச்சொல்லை மீண்டும் எப்போது சொல்வார்கள் என்று ஏங்கினாராம்! பசித்த பிள்ளையை இவ்வாறு ஏங்க வைத்த தாயை வேறெங்கு காண்போம்?

மார்க்கக் கல்வியில் ஒரு கட்டம் நிறைவுற்று, தலைப்பாகை அணியும் தகுதி மகனுக்கு வந்தது. வாங்கப் பணமில்லை. அன்னையார் நூல் நூற்று, நெய்வித்து, அத்துணியையே அளித்தார்கள். பருத்தி விளையும் நம் பகுதித் தாய்மார் அவ்வுழைப்பை எளிதில் உணர்வர்.

பின்னர் மேற்கல்விக்காகக் குடும்பம் டில்லிக்குக் குடிபெயர்ந்தது. ஒவ்வொரு பிறை பிறக்கும்போதும் மகனார் அன்னையின் பாதத்தருகே சென்று வாழ்த்துப் பெறுவார்கள். அன்னையாரின் அடக்கத்தலம் டில்லியின் அத்சினியில் உள்ளது.

அஜோதனில் பாபா பரீத் (ரஹ்) அவர்களிடம் பைஅத் பெற்றுத் திரும்பிய நிஜாமுத்தீன் அவர்கள், 1325-இல் வபாத்தாகும்வரை டில்லியிலேயே வாழ்ந்தார்கள். அன்னாரின் கான்காவில் நாள்தோறும் பெருங்கூட்டம் உண்டது. வெள்ளிக்கிழமைதோறும் ஜும்ஆவுக்குச் செல்லுமுன் களஞ்சியத்தை முற்றிலும் காலிசெய்து ஏழைகளுக்குப் பங்கிடச் செய்வார்கள். தமக்குச் சஹர் உணவு வரும்போதோ, மஸ்ஜித்களிலும் கடைத்திண்ணைகளிலும் பசியோடு உறங்குவோரை நினைத்து அழுவார்கள். கவளம் தொண்டையில் இறங்காது. பல இரவுகளில் அவ்வுணவு தொடப்படாமலே திரும்பிச் சென்றது.