மாணிக்கக் குழிகளில் எலும்பு தேடியவர்

தம்புள்ளைக் குகைக்கோயிலுக்கும் சிகிரியாவுக்கும் வெள்ளைச் சீருடையுடன் வரிசையாகப் போய்வந்த நாம், அங்கே மன்னர்களின் கதைகளையே கேட்டு வளர்ந்தோம். அம்மன்னர்களுக்குப் பல்லாயிரம் ஆண்டுகள் முன்னர் இந்நாட்டில் வாழ்ந்த உயிர்களைத் தேடுவதற்கே தமது வாழ்நாளைச் செலவிட்ட ஒருவரை இந்நூற்றாண்டு மலரில் நினைவுகூர விரும்புகிறோம். அவர் பி. ஈ. பி. தெரணியகல.

1900ஆம் ஆண்டு பிறந்த அவர், வரலாற்றாசிரியர் சேர் போல் பீரிஸின் மைந்தர். கேம்பிரிட்ஜ், ஹார்வார்ட் பல்கலைக்கழகங்களில் கற்றுத் தாயகம் திரும்பினார். 1939 முதல் 1963 வரை கொழும்புத் தேசிய நூதனசாலையின் பணிப்பாளராக விளங்கினார். மீன்கள், ஆமைகள், பாம்புகள், யானைகள் என அவர் ஆராயாத உயிரினம் குறைவு.

இரத்தினபுரியில் மாணிக்கம் அகழ்வோர் 'இல்லம்' எனப்படும் சரளைப் படையைத் தோண்டி எடுத்துக் கழுவுவர். அதில் கல்லோடு பழைய எலும்புகளும் பற்களும் அகப்படும். கல் தேடுவோருக்கு அவற்றால் பயன் இல்லை. தெரணியகலவுக்கோ அவையே மாணிக்கங்கள். அவ்வுயிர்ச்சுவடுகளைக் கொண்டு, இலங்கையில் ஒரு காலத்தில் நீர்யானையும் காண்டாமிருகமும் வாழ்ந்தன என அவர் நிறுவினார். நமது கொடியில் மட்டும் காணும் சிங்கமும் இங்கே திரிந்தது என்பதைச் சில பற்களைக் கொண்டே 1939இல் எடுத்துரைத்தார். பலாங்கொடை மனிதன் என்ற பெயரும் அவர் அகழ்வுகளின் வழியே வந்தது. 1958இல் இலங்கையின் பிளைஸ்டோசீன் காலம் பற்றிய அவரது நூல் வெளியாயிற்று. 1976இல் அவர் மறைந்த பின்னர், அவர் மகன் சிரான் தெரணியகல அப்பணியைத் தொல்லியலில் முன்னெடுத்தார். நம் ஊருக்கு அருகே, சிகிரியாவை அடுத்த பொத்தான கற்குகையிலும் தொல்மனிதரின் எலும்புகள் கிடைத்துள்ளன.

இவரை நாம் இங்கே நினைப்பதற்குக் காரணம் உண்டு. உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் பிள்ளைக்கு வைத்தியத்துறை ஒன்றே வழி என்று நம் வீடுகளில் எண்ணினோம். வெட்டுப்புள்ளி எட்டாதபோது எத்தனை தோழியர் தமக்கு இனிக் கல்வியே இல்லை என்று அழுதார்கள்! அதே உயிரியலை மண்ணோடும் கல்லோடும் சேர்த்துப் படிக்கலாம் என்று அன்று எமக்குச் சொல்வார் இல்லை.

இத்துறையில் பதவிகள் சிலவே என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் வாயில்கள் பல. விலங்கியல், தாவரவியல், தொல்லியல் ஆகியவற்றில் எதில் தொடங்கினாலும் இங்கு வந்து சேரலாம். பேராதனையில் புவிச்சரிதவியல் துறை உண்டு. களனிப் பல்கலைக்கழகத்தின் தொல்லியல் பட்டப்பின் படிப்பு நிறுவனமும் உண்டு. நூதனசாலை, தொல்லியல் திணைக்களங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் தொழில் தேடலாம். பட்டப்பின் ஆய்வுக்கு வெளிநாடு செல்வோரும் உளர். வெயிலில் அகழவும், ஒரு பல்லை மாதக்கணக்கில் ஒப்புநோக்கவும் பொறுமை வேண்டும். அது நம் பிள்ளைகளிடம் நிறையவே உண்டு.

வெளியூர்களிலும் வெளிநாடுகளிலும் வாழும் சகோதரிகளே, அடுத்த முறை பாடசாலைக்கு வரும்போது, உயிரியல் படிக்கும் தங்கை ஒருத்தியிடம் இவரது கதையைச் சொல்லுங்கள். கொழும்பு செல்லும்போது அவளை நூதனசாலைக்கும் அழைத்துச் செல்லுங்கள்.