லெனார்ட் புளூம்பீல்ட் (1887 – 1949)
வாக்கியத்தைக் கிளைகளாகக் காண வழிகாட்டிய மொழியியலறிஞர்

ஆங்கில வாக்கியமொன்றைக் கிளைப்படமாக வரையுமாறு கேட்டால், மாணவர் பலர் முதற் சொல்லில் தொடங்கி ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு கோடு கீறிவிடுவர். சொற்கள் முதலில் சிறு கூட்டங்களாகச் சேர்கின்றன. அக்கூட்டங்கள் சேர்ந்தே வாக்கியம் அமைகிறது. இவ்வுண்மையை மொழியியலில் நிலைநாட்டியவர்களுள் முதன்மையானவர் அமெரிக்க அறிஞரான லெனார்ட் புளூம்பீல்ட் ஆவார்.

பிறப்பும் கல்வியும்

புளூம்பீல்ட் 1887 ஏப்ரல் 1ஆம் திகதி சிக்காகோ நகரில் பிறந்தார். இவருடைய தந்தையின் சகோதரரான மோரிஸ் புளூம்பீல்ட் புகழ்பெற்ற சமஸ்கிருத அறிஞர். 1906இல் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற பின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகம் சென்றார். அங்கு எட்வார்ட் புரொகோஷ் என்னும் ஆசிரியரைச் சந்தித்ததே இவரை மொழியியலின் பக்கம் திருப்பியது. 1909இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். 1913 – 1914 காலப்பகுதியில் ஜேர்மனியில் லைப்சிக், கொட்டிங்கன் ஆகிய நகரங்களில் மேற்படிப்பை மேற்கொண்டார். பண்டைய இந்திய இலக்கண ஆசிரியரான பாணினியின் நூலை ஆழ்ந்து கற்ற இவர், குறைந்த விதிகளால் ஒரு மொழியை முழுமையாக விளக்கும் முறையை அதிலிருந்து அறிந்துகொண்டார்.

பேசுவோரிடம் சென்று கற்றவர்

நூல்களை மட்டும் நம்பி மொழியை ஆராய்வது போதாது என்பது இவரது கொள்கை. பிலிப்பைன்ஸ் நாட்டு மாணவர் ஒருவரின் பேச்சைக் கேட்டுப் பதிவுசெய்து, தகாலொக் மொழி பற்றிய நூலை 1917இல் வெளியிட்டார். 1920, 1921ஆம் ஆண்டுகளில் விஸ்கொன்சினில் வாழ்ந்த மெனோமினிப் பழங்குடியினரிடமும், 1925இல் கனடாவில் கிரீ மக்களிடமும் சென்று அவர்களின் கதைகளை எழுதிக்கொண்டார். இன்று மெனோமினியைத் தாய்மொழியாகப் பேசுவோர் மிகச் சிலரே. அம்மொழியை மீட்க முயல்வோருக்கு அன்று இவர் எழுதிவைத்தவை பெருந்துணையாக உள்ளன.

அண்மை உறுப்புக்கள்

1933இல் வெளிவந்த ‘மொழி’ என்னும் நூல் இவரது தலைசிறந்த படைப்பாகும். வாக்கியத்தைப் படிப்படியாகப் பகுக்கும் முறையை இதில் விளக்கினார். ஒவ்வொரு படியிலும் கிடைக்கும் பகுதிகள் ‘அண்மை உறுப்புக்கள்’ எனப்படும்.

‘த ஸ்மோல் போய் ஓப்பின்ட் த டோர்’ என்னும் வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம்.

1. முதலில் ‘த ஸ்மோல் போய்’ (பெயர்த்தொடர்), ‘ஓப்பின்ட் த டோர்’ (வினைத்தொடர்) என இரண்டாகப் பிரியும்.
2. வினைத்தொடர் ‘ஓப்பின்ட்’ என்னும் வினையாகவும் ‘த டோர்’ என்னும் பெயர்த்தொடராகவும் பிரியும்.
3. இறுதியில் பெயர்த்தொடர்கள் தனிச்சொற்களாகப் பிரியும்.

இங்கு ‘போய்’, ‘ஓப்பின்ட்’ ஆகிய சொற்கள் அருகருகே நின்றாலும் அவை இரண்டும் சேர்ந்து ஒரு கூட்டமாவதில்லை. ‘த ஸ்மோல் போய்’ என்பதற்குப் பதிலாக ‘ஹீ’ என்னும் ஒரே சொல்லை இடலாம். எனவே அது ஒரு கூட்டம். ‘போய் ஓப்பின்ட்’ என்பதற்குப் பதிலாக அவ்வாறு எதனையும் இட முடியாது.

இப்பகுப்பு பொருளையும் காட்டும். ‘ஓல்ட் மென் அன்ட் விமென்’ என்பதில் முதியோர் யார்? ‘ஓல்ட் மென்’ முதலில் சேர்ந்தால் ஆண்கள் மட்டுமே முதியோர். ‘மென் அன்ட் விமென்’ முதலில் சேர்ந்தால் இருபாலாரும் முதியோர். சொற்கள் ஒன்றே, கிளைகள் வேறு. தமிழில் ‘வயதான ஆண்களும் பெண்களும்’ என்னும்போதும் இதே ஐயம் எழுகிறது.

கிளைப்படத்தின் வளர்ச்சி

வாக்கியத்தைப் படமாக வரையும் வழக்கம் புளூம்பீல்டுக்கு முன்னரே இருந்தது. 1877இல் ரீட், கெலொக் ஆகிய அமெரிக்க ஆசிரியர் இருவர் கோடுகளால் வரையும் முறையைப் பாடசாலைகளுக்குத் தந்தனர். புளூம்பீல்ட் தமது பகுப்பைச் சொற்களாலேயே விளக்கினார். அவர் வகுத்த அடிப்படையில் வந்த ஆய்வுகளின் வழியாக, 1957இல் நோம் சொம்ஸ்கி வெளியிட்ட நூலின் பின்னர் இன்றைய கிளைப்படம் பரவலாயிற்று.

இறுதிக்காலம்

சிக்காகோவில் 1927 முதல் 1940 வரை பேராசிரியராக இருந்தவர், பின்னர் யேல் பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். 1946இல் பக்கவாத நோய் தாக்கியது. எழுத்துப் பணி அத்துடன் நின்றது. 1949 ஏப்ரல் 18இல் காலமானார். மெனோமினி இலக்கணம் அப்போது அச்சேறியிருக்கவில்லை. அது 1962இலேயே வெளிவந்தது. தம் மகனுக்கு வாசிக்கக் கற்பிப்பதற்காக அவர் தயாரித்த ஆங்கிலப் பாடங்களும் 1961இலேயே நூலாயின. அவர் முடித்துவைத்த வேலையைப் பிறர் பேணி வெளியிட்டமையால் அவை நமக்குக் கிடைத்தன.

நினைவிற் கொள்க

கிளைப்படம் வரையுமுன் வாக்கியத்தை முழுமையாக வாசித்து, எழுவாய்ப் பகுதி எங்கு முடிகிறது எனக் காண்க. முதற் பிரிப்பு சரியாயின் ஏனையவை இலகுவாகும்.

பயிற்சி

1. அண்மை உறுப்புக்கள் என்றால் என்ன? உதாரணத்துடன் விளக்குக.
2. புளூம்பீல்ட் பழங்குடி மொழிகளுக்கு ஆற்றிய பணி யாது?
3. ‘த டீச்சர் ரெட் எ லோங் ஸ்டோரி’ என்பதைக் கிளைப்படமாக வரைக.