பெரும் பதவியை மறுத்த ஜவுளி வியாபாரி
இமாமுல் அஃழம் அபூஹனீபா (ரஹ்) அவர்களின் வாழ்விலிருந்து

கையில் ஒரு நிலையான தொழில் இருக்கிறது. குடும்பம் குறைவின்றி நடக்கிறது. அவ்வேளையில் அதைவிடப் பெரிய வருமானமும், ஊரார் எழுந்து நின்று ஸலாம் சொல்லும் மதிப்பும் உள்ள வேறொரு வேலைக்கு அழைப்பு வருகிறது. போவதா, இருப்பதா? எந்தக் காலத்திலும், எந்த வீட்டிலும் எழக்கூடிய கேள்விதான் இது. வீட்டிலுள்ளோர் ஒன்று சொல்வார்கள், நண்பர்கள் வேறொன்று சொல்வார்கள். முடிவெடுக்க வேண்டியவரோ இரவில் உறக்கமின்றிப் புரளுவார்.

ஏறத்தாழ 1,250 ஆண்டுகளுக்கு முன் இதே கேள்வி, நாம் அனைவரும் அறிந்த ஒரு பெரியாரின் வாசலுக்கு இருமுறை வந்தது. அவர்கள்தாம் இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்கள். அன்னாரின் மார்க்கச் சட்ட ஞானத்தை நாம் அடிக்கடிப் பேசுகிறோம். அன்னார் ஒரு கடைக்காரராகவும் வாழ்ந்தார்கள் என்பதை அவ்வளவாக நினைப்பதில்லை.

இமாமவர்களின் இயற்பெயர் நுஃமான். தந்தையார் பெயர் ஸாபித். ஹிஜ்ரி 80ல் (கி.பி. 699) இராக்கிலுள்ள கூபா நகரில் பாரசீக வம்சாவளிக் குடும்பமொன்றில் பிறந்தார்கள். குடும்பத் தொழில் துணி வியாபாரம். ‘கஸ்ஸு’ எனப்படும் உயர்ந்த பட்டுக் கலப்புத் துணியை வாங்கி விற்பதில் இளமையிலேயே தேர்ந்துவிட்டார்கள்.

ஒருநாள் கடைத்தெருவுக்குப் போய்க்கொண்டிருந்த அந்த வாலிபரை, கூபாவின் பெரும் ஆலிமான ஆமிர் அஷ்ஷஅபீ (ரஹ்) அவர்கள் அழைத்தார்கள். எங்கே போய் வருகிறாய் என்று விசாரித்து, கடைவீதியோடு நின்றுவிடாமல் ஆலிம்களின் சபைக்கும் போய் வரும்படி அறிவுரை கூறினார்கள். அந்தச் சில வார்த்தைகள் உள்ளத்தில் தைத்துவிட்டன. பின்னர் இமாமவர்கள் ஹம்மாத் இப்னு அபீ சுலைமான் (ரஹ்) அவர்களிடம் மாணவராகச் சேர்ந்து, உஸ்தாத் ஹிஜ்ரி 120ல் மறையும் வரை 18 ஆண்டுகள் பயின்றார்கள். அதன் பின் அதே சபையில் உஸ்தாதின் இடத்தில் அமர்ந்து பாடம் நடத்தினார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கல்வியில் இறங்கிய பின்பும் இமாமவர்கள் கடையை மூடிவிடவில்லை. கூட்டாளிகளை வைத்து வியாபாரத்தைத் தொடர்ந்து நடத்தினார்கள். பாடம் சொல்லிக் கொடுப்பதற்கு எவரிடமும் கூலி வாங்கும் தேவை அவர்களுக்கு ஏற்படவில்லை. கடை இலாபத்திலிருந்து ஆலிம்களுக்கும் ஏழை மாணவர்களுக்கும் உடையும் உணவும் பணமும் வழங்கி வந்தார்கள்.

அந்தக் கடை எப்படி நடந்தது என்பதற்கு வரலாற்று நூல்களில் இரண்டு செய்திகள் உள்ளன. ஒரு பெண்மணி பட்டுத் துணியொன்றைக் கொண்டுவந்து 100 திர்ஹத்துக்கு விற்க முன்வந்தார். இது அதற்கும் மேல் பெறும் என்றார்கள் இமாமவர்கள். அந்தப் பெண்மணி நூறு நூறாக ஏற்றி 400 வரை சொன்னார். இன்னும் அதிகம் பெறும் என்றதும், தம்மைக் கேலி செய்வதாகவே அவர் எண்ணிவிட்டார். இறுதியில் விலை மதிக்க ஓர் ஆளை அழைத்து வரச் செய்து, 500 திர்ஹம் கொடுத்து அதை வாங்கினார்கள்.

மற்றொரு முறை, குறையுள்ள ஒரு துணியைக் கூட்டாளி ஹஃப்ஸிடம் அனுப்பி, விற்கும்போது குறையைச் சொல்லி விற்கும்படி கூறியிருந்தார்கள். அவர் மறந்துபோய்ச் சொல்லாமல் விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. அதனால் அந்தச் சரக்குக்குக் கிடைத்த தொகை முழுவதையும் இமாமவர்கள் ஸதகா செய்துவிட்டார்கள்.

இப்படிப்பட்ட வியாபாரியிடம்தான் முதல் அழைப்பு வந்தது. அது உமையாக்கள் ஆட்சியின் கடைசிக் காலம். இராக்கின் ஆளுநராக யஸீத் இப்னு உமர் இப்னு ஹுபைரா இருந்தார். நாடெங்கும் கலகம். மக்கள் மதிக்கும் ஆலிம்களை அரசுப் பதவிகளில் அமர்த்தினால் ஆட்சிக்கு நற்பெயர் கிட்டும் என்பது அவருடைய கணக்கு. இமாமவர்களைக் கூபாவின் காஜியாக நியமிக்க விரும்பினார் என்று ஓர் அறிவிப்பும், தம்முடைய முத்திரையைக் காக்கும் அதிகாரியாக்க விரும்பினார் என்று மற்றோர் அறிவிப்பும் உள்ளன.

இமாமவர்கள் மறுத்துவிட்டார்கள். மறுத்தால் ஆபத்து என்று பதறிய நண்பர்கள், வேறு சில ஆலிம்களும் மனமின்றியே பதவியை ஏற்றிருப்பதை எடுத்துச் சொல்லிக் கெஞ்சினார்கள். இமாமவர்கள் காரணத்தை மறைக்கவில்லை. ஒரு மனிதனின் தலையை வெட்டும்படி ஆளுநர் எழுதுவார், அந்த ஓலையில் முத்திரை குத்தும் கை தம்முடையதாக இருக்கும், அப்படிப்பட்ட காரியத்தில் ஒருபோதும் இறங்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

ஆளுநரின் கோபம் கசையடியாக இறங்கியது. நாளொன்றுக்குப் பத்து வீதம் 110 அடிகள் என்று எழுதுகின்றனர். அந்த அடிகளைக் காட்டிலும் அதைக் கண்டு தம் தாயார் பட்ட துயரமே தமக்குப் பெரும் வேதனையாக இருந்தது என்று இமாமவர்கள் பின்னாளில் சொன்னதாக வருகிறது. தாயைப் பெரிதும் பேணிய மகனுக்கு அது எவ்வளவு பெரிய சோதனையாக இருந்திருக்கும் என்பதைத் தாய்மார்களே அறிவார்கள். அப்படியிருந்தும் முடிவு மாறவில்லை. விடுதலை கிடைத்ததும், ஹிஜ்ரி 130 அளவில் மக்கா முகர்ரமாவுக்குச் சென்று தங்கினார்கள்.

ஹிஜ்ரி 132ல் (கி.பி. 750) ஆட்சி அப்பாசியர் கைக்கு மாறியது. அதன் பின் இமாமவர்கள் கூபாவுக்குத் திரும்பினார்கள். கடையும் பாடமும் மீண்டும் நடந்தன.

இரண்டாவது அழைப்பு கலீபா மன்சூரிடமிருந்து வந்தது. பக்தாது நகரை ஹிஜ்ரி 145ல் (கி.பி. 762) நிர்மாணிக்கத் தொடங்கிய கலீபா அவர். பதவிக்கு முன்னே அன்பளிப்பு வந்தது. அனுப்பிய பணத்தை ஏன் ஏற்கவில்லை என்று கலீபா கேட்டபோது, அது கலீபாவின் சொந்தப் பணமன்று, பைத்துல்மாலிலுள்ள முஸ்லிம்களின் பணம், தாம் போர்வீரரும் அல்லர், ஏழையும் அல்லர், ஆகவே அதில் தமக்குப் பாத்தியதை இல்லை என்று இமாமவர்கள் விளக்கினார்கள்.

பிறகு காஜி பதவியை ஏற்கும்படி கலீபா வற்புறுத்தினார். தாம் அதற்குத் தகுதியற்றவர் என்று இமாமவர்கள் கூற, அது பொய் என்று கலீபா சீறினார். அப்படியானால் கலீபாவே தீர்ப்புச் சொல்லிவிட்டார், பொய்யரை எப்படிக் காஜியாக நியமிக்கலாம் என்று இமாமவர்கள் அமைதியாகப் பதிலளித்தார்கள். கலீபா சத்தியம் செய்தார். இமாமவர்களும் மறுத்துச் சத்தியம் செய்தார்கள்.

வரலாற்றாசிரியர் தபரீ தரும் ஓர் அறிவிப்பு சிந்திக்கத்தக்கது. தம் சத்தியம் வீணாகிவிடக் கூடாதென்று கலீபா, புதிய நகருக்கான செங்கல்களை எண்ணும் வேலையை இமாமவர்களிடம் ஒப்படைத்தாராம். இமாமவர்கள் அதைச் செய்தார்கள். ஒவ்வொரு கல்லாக எண்ணாமல், அடுக்கை ஒரு கோலால் அளந்து கணக்கிட்டார்களாம். காஜியின் ஆசனத்தை மறுத்தவர்கள் சூளைக் கல்லை எண்ணத் தயங்கவில்லை. அவர்கள் வேலையில் இழிவு பார்க்கவில்லை. அதில் அநீதி கலக்குமா என்பதையே பார்த்தார்கள். செங்கல் கணக்கைத் திருத்தி எழுதச் சொல்லி யாரும் மிரட்டப் போவதில்லை. தீர்ப்பைத் திருத்தச் சொல்லி மிரட்டக்கூடிய அரண்மனையோ பக்கத்திலேயே இருந்தது.

ஆயினும் கலீபாவின் சினம் தணியவில்லை. இமாமவர்கள் சிறையிடப்பட்டு, ஹிஜ்ரி 150ல் (கி.பி. 767) பக்தாதில் வஃபாத்தானார்கள். சிறையிலேயே உயிர் பிரிந்தது என்பது பலரும் கூறும் செய்தி. ஜனாஸாவுக்கு மக்கள் வெள்ளம் திரண்டதால் தொழுகை பலமுறை நடத்தப்பட்டது. அபகரிக்கப்பட்ட நிலத்தில் தம்மை அடக்கக் கூடாதென்று அவர்கள் வஸிய்யத் செய்திருந்ததாகவும் கூறுவர்.

அப்படியானால் பெரிய வேலை எதுவும் கூடாது, இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும் என்பதா இதன் பொருள்? அன்று. இதற்கு இமாமவர்களின் மாணவர் அபூயூசுப் (ரஹ்) அவர்களே சான்று. வறிய வீட்டுப் பிள்ளையான அவரை, துணி வெளுப்பவரிடம் வேலைக்கு விட்டிருந்தார் அவருடைய தாயார். பிள்ளையோ பாட சபைக்கு ஓடி வந்துவிடுவார். நாலு காசு சம்பாதிக்கும் பிள்ளையைக் கெடுக்கிறீர்களே என்று தாயார் வந்து முறையிட்டார். உம் மகன் இங்கே பிஸ்தா எண்ணெயில் செய்த பாலூதா உண்ணக் கற்றுக்கொண்டிருக்கிறான் என்றார்களாம் இமாமவர்கள். மாணவரின் செலவுக்கும் பணம் கொடுத்து வந்தார்கள். பிற்காலத்தில் கலீபா ஹாரூன் ரஷீதின் விருந்தில் அதே பண்டம் முன்னே வைக்கப்பட்டபோது, பழைய சொல்லை நினைத்து அபூயூசுப் அவர்கள் சிரித்துவிட்டார்களாம்.

அந்த மாணவர்தாம் ஆசிரியர் மறுத்த அதே காஜி பதவியை ஏற்று, தலைமைக் காஜியாகவும் உயர்ந்தார்கள். வரி வசூலில் குடிமக்களை வதைக்கலாகாது என்று கலீபாவுக்கே எடுத்துரைக்கும் ‘கிதாபுல் கராஜ்’ என்ற நூலையும் எழுதினார்கள். அதே பதவியை உஸ்தாத் மறுத்தார்கள், மாணவர் ஏற்றார்கள். இருவரையும் உம்மத் இமாம்கள் என்றே போற்றுகிறது. காலமும் வேறு, கலீபாவும் வேறு, அவரவர் நிலையும் வேறு.

ஆகவே அழைப்பு வரும்போது தொகையை மட்டும் எண்ண வேண்டாம். இமாமவர்களின் வாழ்வு நமக்கு மூன்று கேள்விகளைத் தருகிறது. வரும் பணம் யாருடையது, அதில் நமக்குப் பாத்தியதை உண்டா? அந்த நாற்காலியில் அமர்ந்தபின் வேண்டாததற்கு முத்திரை குத்தும் நிர்ப்பந்தம் வருமா? இப்போதைய தொழிலால் நமக்கும் பிறருக்கும் கிடைத்து வரும் நன்மையை இழந்துவிடுவோமா? இம்மூன்றுக்கும் மனம் தெளிவாகப் பதில் சொன்னால், ஆலோசனை கேட்டு, இஸ்திகாரா தொழுது தாராளமாகப் புறப்படலாம். மனம் உறுத்தினால், இருக்கும் சிறு கடையே பெரும் பாக்கியம் என்று அமைதி கொள்ளலாம்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் ஹலாலான ரிஸ்க்கையும், அதில் பரக்கத்தையும், முடிவெடுக்கும் நேரத்தில் தெளிவையும் தந்தருள்வானாக! ஆமீன்.